கான்சுலேட் என்னைத்தான் கேட்டது

உன் டிக்கெட் விவரம் உன் மாமா வழியாக வந்து சேர்ந்தது. அப்பாவின் முதல் திவசத்துக்கு வருகிறாய், வந்து பத்து நாள் இருக்கிறாய், போகும்போது என்னையும் உன்னோடு அழைத்துக்கொண்டு போகிறாய் என்று முடிவு செய்திருக்கிறாய். விசாவுக்கான விண்ணப்பத்தில் பாதியை நீயே நிரப்பி அனுப்பியிருக்கிறாய். "அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க மாமா" என்று அவனிடம் சொன்னாயாம். அந்தப் பக்குவத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். மறைத்தபோது எல்லாரும் சேர்ந்துதானே மறைத்தீர்கள், படிக்கும்போதும் எல்லாரும் சேர்ந்து படிக்கட்டும். குழுவில் யாராவது கைகூப்பும் பொம்மை போட்டால் அவர்கள் வீட்டுக்கே நேரில் வருவேன்.

நீ மறந்திருப்பாய் என்பதால் நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தி. நகரில் பாத்திரக் கடையில் உன் அப்பாவுக்குச் சமமாக நின்று வியாபாரம் பார்த்தவள் நான். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரே நேரத்தில் நாலு பேரிடம் பேரம் பேசுவேன். லோடு இறக்க வந்து கூலி போதாது என்று சட்டையைப் பிடிக்க வந்த ஆளிடம் நான்தான் போய் நின்றேன், உன் அப்பா உள்ளே எவர்சில்வர் அடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்குள் வெள்ளம் புகுந்து அண்டாவும் குண்டாவும் மிதந்தபோது அவர் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். குழந்தை பிறந்திருக்கிறது வாங்க என்று நீ கூப்பிட்டபோது, ஆடி வியாபாரத்தை யார் பார்ப்பது என்று நான் தங்கிக்கொண்டதும் அதனால்தான். உன் அப்பா மட்டும் "ரெண்டு மாசம்தான். பேத்தியைப் பாத்துட்டு ஓடி வந்துடறேன். கல்லாவை விட்டு எந்திரிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் வீடியோவில் உன் தெருவைக் காட்டுவார். "ஒரு ஆளைக் காணோம் பாரு. இங்க நாய்ங்கதான் மனுஷங்களை நடக்கக் கூட்டிட்டுப் போவுது" என்பார்.

அந்த வியாழக்கிழமை உன் மாமா கடைக்கு வந்தான். என் கூடப் பிறந்த தம்பி, என் முகத்தைப் பார்க்காமல் குக்கர் வரிசையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அக்கா, மச்சானுக்கு லேசா நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. நீ தனியா இருக்க வேணாம், கடையைச் சாத்திட்டு எங்க வீட்டுக்கு வா." நங்கநல்லூருக்குப் போனேன். உனக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை, 'ஐசியூவில் இருக்கேன்மா, பேச முடியாது' என்று எழுதினாய். சற்று நேரத்தில் உன் அத்தை, என் தம்பி பெண்டாட்டி, வந்து "சார்ஜ் போடறேன், குடுங்க அண்ணி" என்று போனை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பிக் கேட்டபோதெல்லாம் இன்னும் ஏறவில்லை என்றாள். மறுநாள் ஆதம்பாக்கத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும், நான் அடுப்படிக்குப் போனால் மறுபடி தொடங்கும். அவர் வியாழக்கிழமை காலையிலேயே உன் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது விழுந்து செத்துப்போய்விட்டார் என்று அந்தக் கூடத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் போட்ட காபியை அவர்கள் குடித்தார்கள்.

சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். உன் அத்தைதான் உளுந்து ஊறப் போட்டாள். அவளுக்கும் தெரியும். கோயிலில் அர்ச்சகர் கேட்டார், உன் அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன், ஆயுள் ஆரோக்கியம் என்று சங்கல்பம் செய்தார். புருஷன் செத்த தீட்டோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, நான் பிராகாரம் சுற்றினேன். குங்குமத்துக்காக எனக்கு வருத்தமில்லை, அதை இன்றும் வைத்துக்கொள்கிறேன், பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். ஆனால் செத்தவருக்கு ஆயுள் கேட்டு ஒருத்தியைச் சாமி முன்னால் நிறுத்தினீர்களே, அது எந்த ஊர்ப் பக்குவம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. தீட்டு என்றால் பக்கத்து வீட்டுத் துளசியைக்கூடத் தொடாத கூட்டம் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னீர்கள். அவர் போய்விட்டார், அங்கேயே எரித்தாகிவிட்டது, எல்லாம் முடிந்தது. உன் மாமா போனை என் காதில் வைத்தான். நீ அழுதாய். "என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா. இங்க நம்ம நாட்டு கான்சுலேட்ல ஒத்துக்கல. உடம்பை அனுப்ப அனுமதி குடுக்க மாட்டேன்னுட்டாங்க. இங்க சட்டம் அப்படி" என்றாய். நான் நம்பினேன். என் பிள்ளை அழுகிறான், அவன் பொய் சொல்லுவான் என்று எந்தத் தாய் நினைப்பாள். அப்புறம் நீ அஸ்தியைக் கொண்டுவந்தாய். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் படகு பேசி கடலில் கரைக்கப் போனோம். படகுக்காரர் உன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னாமா, ஃபாரின்லயே எரிச்சிட்டீங்களா? எங்காளு ஒருத்தன் துபாய்ல செத்துப் பூட்டான், பெட்டில வெச்சு அனுப்பினாங்களே. வூட்டாண்ட வெச்சிருந்து எல்லாரும் பாத்துட்டுத்தானே எடுத்தோம்." நீ உடனே "அது வேற நாடுங்க, இது வேற" என்றாய். அவர் படகைத் தள்ளினார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை மாதம் அந்த கான்சுலேட்டை நான் சபித்தேன் தெரியுமா? பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லி கடையில் யார் குத்துவிளக்கு வாங்கினாலும் அவர்களைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லுவேன். நம்ம நாட்டு ஆபீஸ்தானே, நம்ம வரிப் பணத்தில் நடக்கிற ஆபீஸ்தானே, ஒரு பெண்டாட்டி புருஷன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடாத பாவிகள் என்று சொல்லுவேன். வாங்க வந்தவர்கள் பயந்துபோய் விலை குறைக்கச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். முன்பின் பார்த்திராத ஓர் ஆபீஸின் மேல் நான் வாரி இறைத்த மண் கொஞ்சமில்லை.

போன மாதம் ஒரு நாள் காலையில் கடைப் போன் அடித்தது. ஒரு பெண் குரல். "அம்மா, நான் கான்சுலேட்லேர்ந்து பேசறேன்" என்று உன் ஊரின் பெயரைச் சொன்னாள். உன் அப்பாவின் ரத்து செய்த பாஸ்போர்ட்டையும் இறப்புப் பதிவையும் நம் மயிலாப்பூர் வீட்டு முகவரிக்கு அனுப்பினார்களாம், கதவு பூட்டியிருக்கிறது என்று இரண்டு முறை திரும்பி வந்துவிட்டதாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அவசரத்துக்கு என்று உன் அப்பா கடை நம்பரைக் கொடுத்திருந்ததைத் தேடி எடுத்துக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தை நீயே நினைத்துப் பார்த்துக்கொள். "நீங்கதானா அது? என் வீட்டுக்காரரை அனுப்ப முடியாதுன்னு சொன்ன ஆபீஸ் நீங்கதானா? இப்ப பாஸ்போர்ட் அட்டையை அனுப்பறதுக்குத்தான் போன் பண்றீங்களா?" என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். கடைப் பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் போனை வைக்கவில்லை. நான் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாங்க அப்படிச் சொல்லலியேம்மா" என்றாள்.

"சனிக்கிழமை நான் ஆபீஸைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்மா. லீவு நாள்தான், ஆனா யாராவது தவறிட்டாங்கன்னா நாங்க லீவு பாக்க மாட்டோம். சார் உடம்பை அனுப்பறதுக்கு எல்லா ஏற்பாடும் செய்யறேன், நாலஞ்சு நாள்ல சென்னை வந்துடும்னு உங்க பையன்கிட்ட சொன்னேன். இங்கேயே முடிச்சிடலாம்னு அவர் சொன்னாரு. சம்சாரம் என்ன சொல்றாங்கன்னு கேக்காம நான் செய்ய முடியாதுன்னேன். அவர் ஒரு நம்பர் குடுத்தாரு. நான் உங்ககிட்டதானேம்மா பேசினேன்? 'அங்கேயே செஞ்சிடுங்க, என்னால பாக்க முடியாது'ன்னு நீங்கதானே அழுதுக்கிட்டே சொன்னீங்க?"

நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன். "நான் பேசலியே, கண்ணு" என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள். "ஆமாம்மா. அது வேற குரல்."

அவள் ஆதம்பாக்கத்துப் பெண். அப்பா அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்களாம். அன்றைக்கு அரை மணி நேரம் என்னோடு பேசினாள், தன் வேலை என்ன என்று எனக்குப் புரியும்படி சொன்னாள். கான்சுலேட் என்றால் கொடி ஏற்றுவதும் விசா முத்திரை குத்துவதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருகிற பிள்ளைகள், சம்பளம் தராமல் அடைத்து வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி வருகிற பெண்கள், ஜெயிலில் இருக்கிறவனுக்கு ஊரிலிருந்து அம்மா சொல்லி அனுப்புகிற சேதி, எல்லாம் அவள் மேசைக்குத்தான் வருகிறது. யாராவது செத்துப்போனால் ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் பேசி, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, இறப்பைப் பதிந்து, பெட்டியை விமானத்தில் ஏற்றுவதற்கான சான்றுகளைத் தருகிறார்கள். அந்த ஊர்க்காரனைத் திருத்தவோ சட்டத்தை மாற்றவோ அவர்களால் முடியாது, அதையும் அவளே சொன்னாள். "எங்களுக்குச் செத்தவங்களைத் தெரியாதும்மா, அவங்க குடும்பத்தையும் தெரியாது. கூட வந்தவங்க சொல்றதை நம்பித்தான் ஆகணும். அதனாலதான் உரியவங்களை ஒரு வார்த்தை கேட்டுடறோம்" என்றாள். ஆயிரம் சோலி இருக்கிற ஒரு சர்க்கார் ஆபீசுக்கு, எங்கேயோ தி. நகரில் எவர்சில்வர் விற்கிற ஒருத்தியைக் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நான் பெற்ற பிள்ளைக்குத் தோன்றவில்லை.

அன்றே கடையைப் பாதியில் விட்டுவிட்டு நங்கநல்லூருக்குப் போனேன். உன் அத்தை என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க அண்ணி. அந்த நேரம் பாத்துதான் போன் வரும்னு உங்க புள்ள சொல்லியிருந்துச்சு. ரெண்டே வார்த்தை பேசிடு அத்தைன்னு சொல்லிச்சு. எனக்கு நெசமாவே அழுகை வந்துடுச்சு. உங்க நல்லதுக்குத்தான் அண்ணி." உன் மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "பெட்டில வர்ற உடம்பு முகமெல்லாம் மாறிடும்க்கா. அதைப் பாத்தா நீ தாங்க மாட்டேன்னு அவன் நினைச்சான். நானும் நினைச்சேன்" என்றான். நான் அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பி வருகிற வழியில்தான் உறைத்தது. நான் பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் இன்னும் எரிந்துபோகவில்லை. உன் ஊர் ஆஸ்பத்திரியில் குளிரில் படுத்திருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்காக ஒரு பெண் ஆபீஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் 'அனுப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்திருப்பார்.

உனக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று விடிகாலையில் உன் தாத்தா போனார். ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் அத்தனை பேரும் சொன்னார்கள், பிள்ளையிடம் சொல்லாதே, பரீட்சை கெட்டுப்போகும், மத்தியானம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் எடுத்துவிடலாம் என்று. உன் அப்பாவும் அதையேதான் சொன்னார். நான் ஒருத்திதான் மாட்டேன் என்றேன். உன்னை எழுப்பி, பக்கத்தில் உட்கார வைத்து, தாத்தா போயிட்டாருடா என்று சொன்னேன். பரீட்சைக்குப் போகிறாயா, இருக்கிறாயா, நீயே சொல் என்றேன். நீ கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "போய் எழுதிட்டு வரேன், நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றாய். வந்திருந்த பெரிய மனுஷர்கள் எல்லாரும் நேரமாகிறது நேரமாகிறது என்று கத்தினார்கள். வாசலை மறித்து நின்றவள் நான். நீ ஓடி வந்து அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பாடையைத் தூக்க விட்டேன். பதினேழு வயதில் உன்னால் தாங்க முடியும் என்று நான் நினைத்தேன். அறுபத்து மூன்று வயதில் என்னால் முடியாது என்று நீ முடிவு கட்டினாய்.

நான் தாங்க மாட்டேன் என்பதெல்லாம் சும்மா. நான் அழுவதை உன்னால் தாங்க முடியாது, அதுதான் உண்மை. பெட்டியோடு கூடவே வந்து, வாசலில் இறக்கி, நான் மார்பில் அடித்துக்கொண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க உனக்குத் தைரியம் இல்லை. அதைச் சொல்லியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். 'பயமா இருக்கும்மா' என்று நீ சொல்லியிருந்தால், 'நீ அனுப்பி விடு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வரவே வேண்டாம்' என்று சொல்லியிருப்பேன். நீ உன் பயத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, பழியைத் தூக்கி அந்த ஆபீஸின் தலையில் வைத்தாய். உனக்கும் ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறாள், ஒரு மகள் பிறந்திருக்கிறாள். அவர்களைப் பற்றி 'தாங்க மாட்டாங்க' என்ற சொல் இனி உன் வாயில் வரக் கூடாது. நல்லதோ கெட்டதோ, அவரவருக்கு உள்ளதை அவரவரிடம் சொல்லிவிடு. அழுதால் பக்கத்தில் இரு. இதற்கு மேல் உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி இல்லை.

அந்தப் பெண் மறுபடியும் ஒரு முறை கூப்பிட்டாள். தன் மேலும் தப்பு இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்கள் என்றாள். உன் மேல் எனக்கு என்ன கோபம் கண்ணு, கேட்டவள் நீ ஒருத்திதானே என்றேன். இப்போதெல்லாம் யாராக இருந்தாலும் வீடியோவில் முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லச் சொல்லித்தான் கேட்கிறாளாம். நான் ஒன்று கேட்டேன். என் பையன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான், அங்கே எனக்கு ஒன்று ஆனால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று இப்போதே உங்களிடம் எழுதி வைக்கலாமா என்றேன். "அப்படி எங்ககிட்ட பதிஞ்சு வைக்க வழியில்லைம்மா. அப்பவும் நாங்க உங்க பையனைத்தான் கேப்போம்" என்றாள். கேட்டாயா? உன் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பாதி நீ நிரப்பியது, மீதியை நான் நிரப்பப் போவதில்லை. பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருக்கிற ஆசை உனக்குத் தெரியாது. அவளை நீ இங்கே கூட்டிக்கொண்டு வா, நான் அங்கே வர மாட்டேன்.

திவசத்துக்கு வராதே என்று சொல்ல மாட்டேன். அவருக்குப் பிண்டம் வைக்க வேண்டியவன் நீ, அந்த உரிமையில் நான் கை வைக்க மாட்டேன். என்னுடையதில் நீ கை வைத்தாய் என்பதற்காக நானும் அப்படிச் செய்ய முடியாது. வா. ஆனால் வந்ததும் வாசலில் நில். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். விழுந்ததில் நெற்றியில் அடிபட்டிருந்ததா, கண் மூடியிருந்ததா, வாய் திறந்திருந்ததா, யார் சவரம் செய்துவிட்டார்கள், எந்தச் சட்டை போட்டிருந்தார், கையைத் தொட்டுப் பார்த்தாயா, எப்படி இருந்தது. ஒன்றையும் விடாமல் சொல். பக்குவமாகச் சொல்லாதே, இருந்தபடி சொல். நான் அழுவேன். நீ நின்று பார்க்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு செருப்பைக் கழற்று.

அம்மா